நோய் தெரிந்த மாட்டுக்கு இடமில்லை

கப்பலூர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், பட்டறைகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் வெள்ளைத்துரைக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் நாலு மாடுகளும் இருந்தன. நாலில் மூத்தது சிட்டு. பேரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. நானூறு கிலோவுக்குக் குறையாத கலப்பினப் பசு அது. கன்றாக இருந்தபோது தத்தித் தத்தி ஓடியதைப் பார்த்து அவர் மனைவி கனகலட்சுமி வைத்த பேர். உடம்பு வளர்ந்ததற்காகப் பேரை மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

பங்குனி மாதம் ஒரு நாள் காலையில் சிட்டு தீனியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. முதுகைக் கூனிக்கொண்டு, முன்னங்கால் முட்டிகளை வெளிப்பக்கமாக விரித்து நின்றது. வாய்க்கால் சரிவில் இறங்கச் சொன்னால் இறங்காமல் முனகியது. பால் பாதியாகக் குறைந்துவிட்டது. கனகலட்சுமி அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போன் போட்டார்.

மருந்தக டாக்டர் அப்சானா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சிட்டுவின் தோள்மேட்டுத் தோலை இரண்டு கையாலும் பிடித்துக் கிள்ளினார். நல்ல மாடாக இருந்தால் முதுகைத் தாழ்த்தும். சிட்டு தாழ்த்தவில்லை. பிறகு ஒரு மூங்கில் கம்பை நெஞ்சுக்குக் கீழே கொடுத்து, ஒரு பக்கம் அவரும் மறுபக்கம் வெள்ளைத்துரையுமாகத் தூக்கினார்கள். சிட்டு வலி தாங்காமல் அடித்தொண்டையில் முக்கியது. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"கம்பி முழுங்கியிருக்குண்ணே. பட்டறைக்காரங்க புல்லுல வீசுற துண்டாத்தான் இருக்கும். வயித்துல குத்திக்கிட்டு நிக்குது. அதுக்கு அடுத்தாப்ல இருக்கிறது இருதயம். பத்து நாளைக்குள்ள வயித்தத் திறந்து எடுத்துட்டா பொழச்சுக்கும். இருதயத்தத் தொட்டுருச்சுன்னா அப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார் அப்சானா.

அறுவைச் சிகிச்சையை அவரே செய்துவிடுவார். ஆனால் அவர் மருந்தகத்தில் இருந்த கருவிகளையெல்லாம் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டில் திறந்த பெருவிலங்கு நோய் அறி உயர் மையத்துக்கு வாரிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அவரிடம் இருந்தது ஒரு காய்ச்சல் மானியும் ஒரு கத்தரிக்கோலும்தான். அதனால் மையத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். போகிற வரைக்கும் முன்னங்காலை மேட்டில் வைத்து நிறுத்தச் சொன்னார், கம்பி பின்னால் சரியும் என்று. தினமும் கழுத்து நரம்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அது கயிறு மாதிரிப் புடைத்தால் காரியம் கெட்டது என்று அர்த்தம்.

மறுநாளே குட்டியானைச் சரக்கு வண்டியில் சிட்டுவை ஏற்றி, ரிங் ரோடு வழியாக மையத்துக்குக் கொண்டு போனார்கள். மூன்று மாடிக் கண்ணாடிக் கட்டடம். முன்கூடத்தில் முகம் தெரிகிற அளவுக்குப் பளிங்குத் தரை போட்டிருந்தார்கள். மாடு கால் வைத்தால் வழுக்கும் என்பதால் மாடுகளைப் பின்பக்கமாக வரச் சொல்லி ஒரு பலகை இருந்தது. பின்வாசலில் சேர்க்கைப் பிரிவு இருந்தது, அதில் உட்கார்ந்திருந்தவர் பேர் சூரியபிரகாஷ். கடிதத்தை வாங்கிப் படித்தவர், யாரோ தன்னைப் பேர் சொல்லித் திட்டியதைப் போல முகம் சுருங்கிப் போனார்.

"இதுல நோய் என்னன்னு எழுதியிருக்கே."

"ஆமா சார். கம்பி."

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க? இது நோய் அறியிற மையம். நோய் தெரியாத மாட்டுக்காகத்தான் இம்புட்டுப் பெரிய கட்டடம் கட்டியிருக்கு. தெரிஞ்ச நோயோட நீங்க வந்து இடத்த அடைச்சீங்கன்னா, தெரியாத நோயோட வர்ற மாடு எங்க போகும்?"

வெள்ளைத்துரை சுற்றுமுற்றும் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வேறு மாடே இல்லை. ஆனாலும் சூரியபிரகாஷ் இரக்கமில்லாதவர் அல்ல. மேசைக்குள்ளிருந்து நாலாம் எண் படிவத்தை எடுத்து நீட்டினார். 'என் மாட்டின் நோய் இன்னதென்று எனக்கோ, எனக்குத் தெரிந்த எவருக்குமோ தெரியாது என்று உறுதி கூறுகிறேன்' என்று அதில் அச்சிட்டிருந்தது. இதில் ஒரு கையெழுத்துப் போட்டால் உடனே சேர்த்துக்கொள்வதாகவும், உள்ளே போனால் அறுவைப் பிரிவு பக்கத்துக் கட்டடம்தான் என்றும் சொன்னார்.

கனகலட்சுமி அதை ஒரு முறைக்கு இரு முறை படித்தார். "தெரிஞ்சுக்கிட்டே தெரியாதுன்னு எழுதிக் குடுக்காதீங்க" என்றார். வெள்ளைத்துரைக்கோ பின்னால் சிட்டு முனகுகிற சத்தம்தான் காதில் விழுந்தது. கூட்டுறவுச் சங்கத்தில் எத்தனை கையெழுத்துப் போட்டிருக்கிறார், எதைப் படித்துப் போட்டார்? போட்டுக் கொடுத்தார். அப்சானாவின் கடிதத்தைக் கனகலட்சுமி மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

மை காய்வதற்குள் வெள்ளை அங்கி போட்ட இரண்டு பேர் சிவப்பு நாடாவுடன் வந்துவிட்டார்கள். நோய் தெரியாது என்றால் அது தொற்று நோயாகவும் இருக்கலாம். தொற்று நோயாக இருந்தால் மாட்டையும் மாட்டைத் தொட்டவரையும் தனிமைக் கொட்டிலில் வைக்க வேண்டும். நோய் முடிவாகிற வரைக்கும் இருவரும் வெளியே வரக் கூடாது. கயிற்றைப் பிடித்திருந்தது யார் என்று கேட்டார்கள். வெள்ளைத்துரை தன் கையைப் பார்த்தார்.

சிட்டுவின் காதில் நூற்றுப் பதினேழு என்று மஞ்சள் வில்லை குத்தினார்கள். வெள்ளைத்துரையின் சட்டையில் நூற்றுப் பதினேழு அ என்று அதே மஞ்சள் வில்லையைக் குத்தினார்கள். காதில் குத்தாமல் சட்டையில் குத்தியது உடனாளர்களுக்கு, அதாவது மாட்டோடு வந்தவர்களுக்கு, மையம் அளிக்கும் சலுகையாம். கனகலட்சுமியை வெளியே விட்டு இரும்புக் கதவைச் சாத்தினார்கள்.

உள்ளே வந்தவர்களிடமெல்லாம் வெள்ளைத்துரை கம்பி, கம்பி என்று சொன்னார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொள்ளவும் முடியாது. உடனாளருக்கு நோய் தெரியாது என்பது அவரே எழுதிக் கொடுத்துப் பதிவான விஷயம். தெரியாதவர் சொல்வதை எப்படி எழுதிக்கொள்வது என்று பொறுமையாக விளக்கினார்கள்.

அடுத்த நாளிலிருந்து ஆய்வு தொடங்கியது. ரத்தப் பிரிவு வந்து ரத்தம் எடுத்தது. சாணப் பிரிவு சாணம் எடுத்தது. எச்சில் பிரிவுக்கும் மூச்சுப் பிரிவுக்கும் யார் முதலில் வருவது என்று தகராறு வந்து, ஒரு நாள் இரண்டு பிரிவுமே வரவில்லை. எடை பார்க்கிற மேடையில் சிட்டு ஏற மறுத்தது. வெள்ளைத்துரை முன்னால் ஏறி நின்றால்தான் அது ஏறும். இருவரையும் சேர்த்து நானூற்று அறுபத்திரண்டு கிலோ காட்டியது. சேர்க்கைப் படிவத்தில் நானூறு என்று இருந்ததால், ஒரே வாரத்தில் அறுபத்திரண்டு கிலோ தேறியிருப்பதாகவும் மையத்தின் காற்று மாட்டுக்கு ஒத்துக்கொண்டதாகவும் எழுதினார்கள். சிட்டு அந்த வாரம் முழுக்க ஒரு கைப்பிடி வைக்கோல்கூடத் தின்னவில்லை.

படப் பிரிவில் பெரிய எக்ஸ்ரே எந்திரம் உறை பிரிக்காமல் நின்றது. இதில் ஒரு படம் எடுத்தால் கம்பி தெரிந்துவிடுமே என்று வெள்ளைத்துரை கெஞ்சினார். உள்ளே உலோகம் எதுவும் இருந்தால் படம் கெட்டுவிடும் என்றும், உலோகம் இல்லை என்று வேறு பிரிவில் சான்று வாங்கி வந்தால் எடுப்பதாகவும் சொன்னார்கள்.

ஒவ்வொரு பிரிவும் என்ன நோய் இல்லை என்பதைக் கண்டுபிடித்தது. கோமாரி இல்லை. சப்பை நோய் இல்லை. அடைப்பான் இல்லை. ஆறாம் நாளுக்குள் நாற்பத்தொரு நோய் இல்லை என்று உறுதியானது. இல்லாத ஒவ்வொரு நோய்க்கும் மூன்று பிரதி அறிக்கை அடித்து, அதில் ஒன்றை உடனாளருக்குக் கொடுத்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அந்தக் காகிதங்கள்தான் சிட்டுவைக் காப்பாற்றின. முன்னங்காலை மேட்டில் வைக்கச் சொல்லியிருந்தார் அப்சானா. ஆனால் கொட்டிலுக்குள் மண் கொண்டுவரக் கூடாது, கல் கொண்டுவரக் கூடாது, தரை சமமாக இருக்க வேண்டும் என்பது விதி. வெள்ளைத்துரை அறிக்கைகளைக் கட்டுக் கட்டாகக் கட்டி, சாக்கில் சுற்றி, சிட்டுவின் முன்னங்காலுக்குக் கீழே அடுக்கினார். நாள் ஆக ஆக மேடு உயர்ந்தது. இல்லாத நோய்களின் மேல் ஏறி நின்ற பிறகு சிட்டுவின் முனகல் கொஞ்சம் அடங்கியது.

இதைக் கவனித்தவர் ஒரே ஒருவர். அறுவைப் பிரிவு டாக்டர் அருள்பாண்டி. மூன்று வருடமாகத் தினமும் காலையில் கருவிகளைக் கொதிக்க வைத்து வரிசையாக அடுக்குவார், சாயங்காலம் துடைத்து உள்ளே வைப்பார். ஒரு மாட்டையும் அறுத்ததில்லை. நோய் முடிவானால்தான் ஃபைல் அறுவைப் பிரிவுக்கு வரும், இதுவரை ஒரு ஃபைலும் வந்ததில்லை. அவர் கொட்டிலுக்கு வந்து சிட்டுவின் தோள்மேட்டைக் கிள்ளிப் பார்த்தார். மேட்டையும் பார்த்தார். "கம்பிதான்ணே" என்று மெல்லச் சொன்னார். "ஃபைல் வராம நான் கத்தியத் தொட்டா என்னைத் தூக்கி எங்கிட்டாவது போட்டுருவாங்க." போனவர் அரை மணி நேரத்தில் ஒரு தள்ளுவண்டி நிறையப் பழைய வருகைப் பதிவேடுகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

ஏழாம் நாள் வாராந்திர ஆய்வுக் கூட்டம். சிட்டுவைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிறுத்தி, வெள்ளைத்துரையைக் கயிறோடு நிற்கச் சொன்னார்கள். மைய இயக்குநர் டாக்டர் சிவபாண்டி ஒலிபெருக்கியில் பேசினார்.

"நோயைக் கண்டுபிடிப்பது எளிது. ஊர் மருந்தகங்களில் இருப்பவர்கள் ஒரு நாளைக்குப் பத்துக் கண்டுபிடிக்கிறார்கள். கண்டுபிடிக்காமல் நிதானமாக இருப்பதற்குத்தான் மேற்படிப்பு வேண்டும். இந்த மையத்துக்கு வந்த நூற்றுப் பதினாறு விலங்குகளில் ஒன்றுக்குக்கூட நாம் தவறான நோயைச் சொன்னதில்லை. ஏனென்றால் நாம் எதையுமே சொன்னதில்லை. தவறே செய்யாத மையம் என்று நமக்கு விருது கொடுக்க, நாளை மறுநாள் சென்னையிலிருந்து மேலதிகாரி வருகிறார் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்."

கைதட்டல் ஓய்ந்ததும் வெள்ளைத்துரை கண்ணாடியைத் தட்டி, அந்த நூற்றுப் பதினாறும் இப்போது எங்கே என்று கேட்டார். அவை ஆய்வுக் காலத்திலேயே தாமாக விலகிக்கொண்டன என்றார் இயக்குநர். கூட வந்த ஆட்கள்? மாடு இறந்தால் உடனாளர் இருபத்தொரு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று விதி இருக்கிறது, எல்லாரும் அந்த விதிப்படி நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தார்கள் என்றார். வெள்ளைத்துரை சிட்டுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

ஒன்பதாம் நாள் விடிந்ததும் வெள்ளைத்துரை கழுத்து நரம்பைத் தொட்டார். நரம்பு லேசாகத் தடித்திருந்த மாதிரி இருந்தது. நேற்றும் இப்படித்தான் இருந்ததா, இன்றைக்குத்தான் தடித்திருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. மறுபடி மறுபடி தொட்டுப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நாற்பத்தெட்டு வயசு ஆள், வாய்விட்டு அழுதார்.

வெளியே வாழைமரமும் அலங்கார வளைவும் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேலதிகாரி வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பாதுகாப்புச் சோதனைக்கு ஒரு இன்ஸ்பெக்டரும் நாலு போலீஸ்காரர்களும் வந்தார்கள். கோயில் வாசலில் வைத்திருப்பார்களே, உலோகம் இருந்தால் கத்துகிற கருவி, அது ஒருவர் கையில் இருந்தது. கட்டடத்தில் ஒரு மூலை விடாமல் பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. கொட்டிலுக்குள் வந்து வெள்ளைத்துரையைச் சோதித்தார், சத்தமில்லை. சிட்டுவின் இடது முழங்கைக்குப் பின்னால் கொண்டு போனார். கருவி கத்தியது. எடுத்தார், நின்றது. வைத்தார், கத்தியது.

இன்ஸ்பெக்டர் ஓடி வந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டார்.

"கம்பிங்கய்யா" என்றார் வெள்ளைத்துரை. "ஒம்பது நாளாச் சொல்லிக்கிட்டிருக்கேன்."

இன்ஸ்பெக்டர் அதை உடனே எழுதிக்கொண்டார். ஒன்பது நாளில் அவர் சொன்னதை எழுதிக்கொண்ட முதல் மனிதர் அவர்தான். இயக்குநரைக் கூப்பிட்டு, அந்தப் பொருள் ஒரு மணி நேரத்துக்குள் மாட்டை விட்டு வெளியே வர வேண்டும் என்றார். நோய் இன்னும் முடிவாகவில்லை, நாற்பத்தேழு நோய்தான் கழிந்திருக்கிறது என்று இயக்குநர் ஆரம்பித்தார். "நோயப் பத்தி எனக்கு ஒண்ணுமில்ல சார். பொருள வெளிய எடுங்க" என்றார் இன்ஸ்பெக்டர்.

அருள்பாண்டியின் கருவிகள் வழக்கம்போல அன்று காலையிலும் கொதித்துத் தயாராக இருந்தன. சிட்டுவை நிற்க வைத்தே இடது விலாவில் மரத்துப் போகும் ஊசி போட்டு, தோலைத் திறந்து, தோள்வரை கையை உள்ளே விட்டார். வெள்ளைத்துரை அதன் தலையைத் தன் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். மூன்று வருடம் காத்திருந்த கை அது, கொஞ்சமும் பதறவில்லை. முதலில் இரண்டு பிளாஸ்டிக் பை வந்தது. பிறகு விரல் நீளத்துக்கு ஒரு கம்பி, துருப்பிடித்து, நுனி வளைந்து. இருதயத்தைத் தொடவில்லை, ஒரு விரல்கடை பாக்கியிருந்தது என்றார் அருள்பாண்டி. அவர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. போலீஸ்காரர் கம்பியை வாங்கித் துணியில் சுற்றி அரக்கு முத்திரை வைத்துக் கொண்டு போனார். மேலதிகாரி வந்து விருதைக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டுப் போனார்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள் சிட்டு வைக்கோலைக் கடித்தது. ஐந்தாம் நாள் அசை போட்டது. வெள்ளைத்துரை எதிரில் உட்கார்ந்து அந்த வாய் அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தார் பாவம். கம்பி போலீஸ் காவலில் இருந்ததால் மையத்தின் பதிவேட்டில் கம்பி இல்லை. கம்பி இல்லாததால் நோய் முடிவாகவில்லை. போதாக்குறைக்கு மாடு நன்றாகத் தின்பதால் நோய்க் குறிகள் மறைந்து ஆய்வு மேலும் சிக்கலாகிவிட்டது என்று இயக்குநர் அவரைக் கடிந்துகொண்டார். தையல் பிரித்த பிறகும் ரத்தப் பிரிவு வந்து ரத்தம் எடுத்தது.

மையத்தில் சேர்த்த இருபத்து மூன்றாம் நாள் கனகலட்சுமி டாக்டர் அப்சானாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அப்சானா சத்தம் போடவில்லை. தன் பழைய கடிதத்தைச் சேர்க்கைப் பிரிவு மேசையில் விரித்து வைத்தார். "சார், இந்த மாட்டுக்கு என்ன நோய்னு நான் தேதி போட்டு எழுதியிருக்கேன். நோய் தெரிஞ்ச மாடு இது. தெரிஞ்ச மாட்ட நீங்க எப்படி உள்ள வச்சிருக்கீங்க?"

சூரியபிரகாஷுக்கு வியர்த்துவிட்டது. விதியை மீறி ஒரு மாடு இருபத்து மூன்று நாள் மையத்தில் இருந்திருக்கிறது. ஓடிப் போய் இயக்குநரிடம் கையெழுத்து வாங்கி, பத்தே நிமிடத்தில் சிட்டுவின் பதிவை அடித்து, காது வில்லையை வெட்டி, மாட்டை வெளியே தள்ளினார்கள். பின்வழி சுற்று என்பதால் முன்கூடத்துப் பளிங்கில் சாக்கை விரித்து அதன் மேல் நடத்தினார்கள். கனகலட்சுமி கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னே போனார். சிட்டு போகிற போக்கில் பளிங்கில் சாணி போட்டுவிட்டுப் போனது.

வெள்ளைத்துரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். அவர் தாண்டுவதற்குள் காவலாளி இரும்புக் கதவைச் சாத்தினார்.

சூரியபிரகாஷ் வந்து வருத்தத்தோடு விளக்கினார். "மாடு செத்தா உடனாளர அனுப்ப விதி இருக்கு. மாடு உயிரோட போனா என்ன செய்யிறதுன்னு விதி இல்லண்ணே. இதுவரைக்கும் அப்படி நடந்ததே இல்ல. அதுவும் உங்க மாடு இங்க இருந்ததாவே இப்பப் பதிவு இல்ல. அப்ப உங்களுக்கு எதுலருந்து என்ன தொத்தியிருக்கும்னு நாங்க முதல்லருந்து பாக்கணும்."

வெள்ளைத்துரையை எடை மேடையில் தனியாக ஏற்றினார்கள். ஐம்பத்தெட்டு கிலோ. மாட்டின் பேரை அடித்த பிறகு எடை ஏட்டில் நூற்றுப் பதினேழு என்ற எண்ணுக்கு நேராக மிஞ்சியிருந்தது நானூற்று அறுபத்திரண்டு. ஆய்வாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு கடுமையான எடை இழப்பை மையம் இதுவரை கண்டதில்லை. தீனி எடுக்கிறாரா, முனகுகிறாரா என்று கேட்டுக் கேட்டு எழுதினார்கள்.

அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். விருதுக்குக் கட்டிய அலங்கார வளைவை அன்றைக்குத்தான் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஏணியில் நின்ற ஆள் கட்டுக்கம்பியை வெட்டி வெட்டிக் கீழே புல்லில் போட்டுக்கொண்டிருந்தார். வண்டி வருகிற வரைக்கும் கனகலட்சுமி சிட்டுவை அந்த ஓரமாகத்தான் நிறுத்தியிருந்தார். அவர் அப்சானாவோடு பேசிக்கொண்டிருக்க, பசியெடுத்த சிட்டு புல்லை நோக்கித் தலையைக் குனிந்தது.

"கனகு, மாட்ட இழு. கம்பி கெடக்கு, இழு" என்று வெள்ளைத்துரை தொண்டை கிழியக் கத்தினார். இரண்டு உள்ளங்கையாலும் கண்ணாடியில் அறைந்தார். கனகலட்சுமி திரும்பினார். சொன்னது கேட்கவில்லை என்றாலும் புருஷன் முகத்தைப் பார்த்தார், கயிற்றைச் சுண்டி இழுத்தார், சிட்டுவின் வாய்க்குள் கையை விட்டு இருந்த புல்லையெல்லாம் வழித்து எறிந்தார். அப்சானா எறிந்த புல்லைக் கிளறி, வெட்டிப் போட்ட கம்பித் துண்டு ஒன்றை எடுத்து வெயிலில் தூக்கிக் காட்டினார்.

வெள்ளைத்துரை கண்ணாடியில் நெற்றியை வைத்து நின்றார். அவருக்குப் பின்னால் ஆய்வாளர் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். 'நூற்றுப் பதினேழு அ திடீரெனச் சத்தமிடுகிறது. சுவரில் மோதுகிறது. காரணம் தெரியவில்லை.' அதை மூன்று பிரதி எடுத்து, ஒன்றில் வெள்ளைத்துரையிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரிடமே கொடுத்தார்.